வர்றது நம்மாள்

திபூர்சியோவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சொல்கிறவன் என்னிடம் சோள ரொட்டி வாங்க வேண்டாம். முப்பது வருஷம் எங்கள் ஊர்க் கோயில் மணியை அடித்த மனுஷன் அவன்.

போன வருஷம் வரை புரட்சித் தலைவர்கள் வில்லா, கரான்சா இருவரின் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து சர்க்கார் பட்டாளத்தைத் துரத்தினார்கள். அப்போது ஒரு ஏற்பாடு இருந்தது. மூன்று அடி, நிறுத்தி ஒரு அடி அடித்தால், 'வர்றது நம்மாள், சுடாதே' என்று அர்த்தம். குளிர்காலத்தில் தலைவர்கள் முறைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் வில்லா பக்கம் நின்றது. திபூர்சியோவின் ஒரே மகன் காஸ்துலோ வாய்க்கால் கரையில் துப்பாக்கியோடு படுத்துக் கிடந்தான். அவனுடைய ஞானத்தகப்பன் லெயாந்த்ரோவோ கரான்சா படையில் கேப்டன். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியவனும் பிள்ளையின் தகப்பனும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்பார்கள். கூடப் பிறந்தவனுக்கும் மேல்.

ஏப்ரலில் ஒரு காலை குதிரைகள் வந்தன. நான் கோபுரத்தடியில் நின்று மேலே இருந்த திபூர்சியோவிடம் கத்தினேன்.

“யாருய்யா வர்றது?”

“நம்ம கொம்பாத்ரேதான் முன்னால வர்றான். இனி ஒண்ணும் ஆகாது, எஃபிகேனியா.”

“அவன் எதிராளிய்யா. கயித்த விடு.”

“என் மவன ஏந்துன கை. அது சுடுமா?”

மூன்று அடித்தான். நிறுத்தி ஒன்று அடித்தான். வாய்க்காலில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். காஸ்துலோ தொப்பியைக் கழற்றி ஆட்டினானாம். லெயாந்த்ரோ கை தூக்கித் தடுத்தான் என்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் வடக்கத்திக்காரர்கள். அவர்களுக்கு எங்கள் மணியும் தெரியாது, எங்கள் உறவும் தெரியாது. சுட்டார்கள்.

மதியத்துக்குள் ஊர் அவர்கள் கைக்குப் போய்விட்டது. செத்த பிள்ளைக்குக் கோடித் துணி போடுவது ஞானத்தகப்பன் கடமை. லெயாந்த்ரோ வெள்ளைத் துணியோடு வந்து திபூர்சியோ வீட்டு வாசலில் நின்றான்.

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுய்யா வந்த?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. “நான் சுடச் சொல்லல, கொம்பாத்ரே.”

“தெரியும்,” என்றான் திபூர்சியோ. “படுத்துக் கிடந்தவன எழுப்பி நிறுத்துனது நான்தான். உள்ள வா. கால் பக்கம் பிடி.”

இரண்டு பேரும் சேர்ந்து போர்த்தினார்கள்.

பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கியபோது திபூர்சியோ கோபுரம் ஏறினான். சாவு மணிக்காகக் காத்திருந்தோம். மூன்று அடித்தான். நிறுத்தி ஒன்று அடித்தான். லெயாந்த்ரோ நடுத்தெருவில் மண்டியிட்டு அழுதான்.

அன்றிலிருந்துதான் ஊர் திபூர்சியோவைப் பித்தன் என்கிறது. மேலே போகிற பிள்ளையை அங்கேயாவது யாரும் சுட்டுவிடக் கூடாது என்று அடித்தான். எனக்குப் புரிந்தது.