பாலைக்கட்டை தாங்கிய ஜீப்

ஜீப்பை உயர்த்தும் தொழிலில் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் பாராட்டு கிடைக்கும்; அடியில் மறைந்து கிடக்கிற வேலைக்கு இதெல்லாம் தேவையா என்ற கேள்விதான் கிடைக்கும். யுத்த காலம் முழுவதும் கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தேன். யாரும் கற்றுத்தந்த தொழில் அல்ல, கழற்றிப் பார்த்துப் பழகியது. என்னைப்போல் எண்ணெய்க் கையோடு நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன், போதும்.

முகட்டு மரம்

பெயர் சிவஞானம். கம்பனியொன்றில் கணக்காளர். அவருடைய மருமகனுக்கு அப்புத்தளை மலைப்பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. மகளையும் கைக்குழந்தையையும் அங்கே கொண்டுபோய் விடவேண்டும். வீட்டுக்கு ஏறும் பாதை முழுக்கக் கல் என்பதால் பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். அதை உயர்த்திப் பெரிய டயர் போட வேண்டும், செலவு மட்டும் வைக்கக்கூடாது என்றார்.

மலிவான வழி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி, ஜீப்பின் ஸ்பிரிங்குகளோடு சேர்த்துக் கட்டினால் வண்டி உயரும். அதைச் சொல்லி முடிக்குமுன் அவர் சாக்கிலிருந்து மரக்கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இவற்றைச் செருகினால் பட்டையே தேவையில்லையாம். பாரத்தில் மரம் வெடிக்கும், மலை வளைவில் அச்சு விலகிப் போகும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது பாலை, பாஸ். ஷெல் விழுந்து ஒரு பக்கச் சுவர் போன பிறகும் யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டு முகட்டைத் தாங்கி நிண்ட மரம். இந்த ஜீப்பைத் தாங்காதோ?"

முன்னுக்குச் சின்னது

பட்டையைக் கட்டினேன். கட்டைகளை அவர் திருப்பி எடுக்கவில்லை; ஒருநாள் எனக்குப் புத்தி வரும் என்று மூலையில் விட்டுவிட்டுப் போனார். அடுத்தது டயர். கொச்சிக்கடையில் பாவித்த டயர் விற்கும் ஒரு முஸ்லிம் நானா எனக்குப் பழக்கம். நல்ல பல்லுள்ள நாலு டயர்களை எங்களுக்காகப் பொறுக்கி வைத்திருந்தார்.

சிவஞானம் இரண்டு மட்டும் போதும் என்றார், பின்னுக்கு. முன்னுக்குப் பழைய சின்ன டயரே இருக்கட்டுமாம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியில் அளவு மாறினால் கியர்பெட்டி உடையும் என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். டிரக்டருக்குப் பின்னுக்குப் பெரிசு, முன்னுக்குச் சின்னது, அது உடைகிறதோ என்று கேட்டார். நானா டயரை உருட்டுவதை நிறுத்தவேயில்லை.

"அப்ப டிரக்டரையே வாங்கியிருக்கலாமே, மொதலாளி."

கண்ணாடியில் கண்டது

நாலு டயரும் ஏறின. மட்காட்டில் உரசுகிறதா என்று பார்க்க மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியில் மறித்தார்கள். உயரமான ஜீப், தமிழ்ப் பெயர், வண்டியோ வேறொருவருடையது. இதை ஏன் உயர்த்தினாய், அடியில் எதை வைக்க என்று சிங்களத்தில் கேட்டார்கள். ஓரமாக விடச் சொன்னதில் ஒரு முன்சக்கரம் தெருவோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தொங்கியது. ஒருவன் நீளத்தடியில் கட்டிய கண்ணாடியை அடியில் நீட்டினான். அவன் குண்டைத் தேடினான். நான் அதே கண்ணாடியில் பிரேக் ஹோஸைக் கண்டேன். சமதரையில் போதுமாக இருந்த அந்த ரப்பர்க் குழாய், சக்கரம் தொங்கியதும் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. மலையில் ஒரு குழியில் இப்படி இறங்கினால் அறுந்துவிடும். பிறகு பிரேக் இல்லை.

உரிமையாளர் வரும்வரை நான் வெயிலில் நின்றேன். வீட்டில் மனைவி சோற்றை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வாசலைப் பார்த்திருந்தாள். அப்போது அவள் உயிரோடு இருந்தாள். பின்னேரம் சிவஞானம் வந்தார். என்னைத் தாண்டிப் போய் ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் வெயிலில நிண்டு பெயின்ட் மங்கேல்லையே, பாஸ்?"

நல்ல நேரம்

பழைய ஹோஸ்களைக் கழற்றிவிட்டேன். நீளமானவை வர இரண்டு நாள் ஆகும் என்று ஆளனுப்பிச் சொன்னேன். அவரோ அடுத்த நாள் காலையே மனைவி, மகள், குழந்தை, பெட்டிகள், நாலு எலுமிச்சம்பழம் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். ஐயர் குறித்த நேரத்துக்குள் ஜீப் புறப்பட வேண்டுமாம். பழைய ஹோஸைத் திருப்பிப் போடு, ஜீப் உயராமல் பதிவாக இருந்தபோது நன்றாகத்தானே பிடித்தது என்றார். முடியாது என்றேன். காரணத்தை அவரிடம் சொல்லிப் பயனில்லை. குழந்தையை வைத்திருந்த மகளிடமும் தாயிடமும் சொன்னேன்.

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். நேரம் பழம் நசிக்கத்தானே, தள்ளி நசியுங்கோ, பிரேக் வந்த பிறகு மலைக்குப் போவம் என்றார். கணவர் எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார்.

என் முற்றம் தெருப்பக்கம் சரிவு. அந்த ஜீப்பில் கைப்பிரேக் பேருக்குத்தான். அதனால் சக்கரங்களுக்கு முன்னால், சரிவில் கொஞ்சம் தள்ளி, மூலையில் கிடந்த பாலைக்கட்டைகளைக் கொண்டுபோய் வைத்தேன். டயர்க் காசு வாங்க வந்திருந்த நானாவும் சிவஞானமும் நானும் தள்ளினோம். பழங்கள் நசிந்தன. ஜீப் எங்கள் கையை விட்டுத் தெருவை நோக்கி உருண்டது. கட்டையில் ஏறப் பார்த்து, ஆடி, நின்றது. அந்த நேரம் தெருவால் பஸ் ஒன்று போனது. சிவஞானம் குனிந்து கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களோ, பாஸ்? இந்த மரம் தாங்கும் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

புது ஹோஸோடு அவர்கள் மலைக்குப் போய்ச் சுகமாகச் சேர்ந்தார்கள். அந்த இறக்கமெல்லாம் பிரேக் பிடித்த பெருமை, நான் கேள்விப்பட்டவரை, வெள்ளவத்தையில் பாலை மரத்துக்கே போயிற்று.