காவியும் வெள்ளையும் பூசிய குச்சிகள்

"ஒரு சுத்து சுத்திட்டு வா."

கோயிலுக்குப் போனால் என் வாயிலிருந்து தானாக வருகிற வாக்கியம் இது. கலிஃபோர்னியாவில், லிவர்மோரில் குடியிருந்த நாட்களில் சொன்னேன். டெக்ஸாஸுக்கு மாறி காப்பெலில் வீடு வாங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காதில் இயர்போன், கையில் போன், முகத்தில் ஏழரைச் சனி. அமெரிக்காவில் பிறந்த பெண் என்பதால் நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். "ஒய்?" என்பாள். "நேரா வந்து சாமிய பாத்துட்டு அப்படியே கெளம்பறதுக்கு இது என்ன டிரைவ்-த்ருவா? சுத்திட்டு வா" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவாள்.

அந்த வாக்கியத்தை நான் கடைசியாகச் சொன்னது கம்போடியாவில். அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் சொன்னதில்லை. அங்கே நடந்ததை வீட்டுக்காரரிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை. "ஒரு சின்ன பயம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சின்ன பயமாம்!

இரண்டு வருடங்களுக்கு முன்னால், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்னை போகிற வழியில் கம்போடியாவில் நான்கு நாள் தங்கலாம் என்று திட்டம் போட்டவள் நான்தான். வீட்டுக்காரருக்கு இர்விங் ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் நேரா சென்னைக்கு வந்துடறேன்" என்று லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நம் ஆட்கள் கடல் கடந்து போய்க் கட்டிய சிவன் கோயில்களை மகளுக்குக் காட்ட வேண்டும் என்று வெறி. கட்டியவர்கள் கெமர் ராஜாக்கள், கல் சுமந்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள் என்பதையெல்லாம் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அப்போது எனக்கிருந்த பெருமையில் முக்கால்வாசி வாட்ஸ்அப்பில் வந்தது.

சியம் ரீப் நகரத்தில் எல்லாரும் பார்க்கிற பெரிய கோயில்களை இரண்டு நாளில் முடித்துவிட்டோம். ஒரே கூட்டம், எங்கே பார்த்தாலும் செல்ஃபி குச்சி. எனக்குத் திருப்தியில்லை. கூட்டமே வராத கோயில் வேண்டும் என்று ஹோட்டலில் கேட்டேன். பிரேயா விகார் மாகாணத்துக்குப் போங்கள், ரொம்ப உள்ளடங்கிய இடம், காட்டுக்குள் கோயில் கோயிலாகக் கிடக்கிறது என்றார்கள். மறுநாள் காலையில் ஒரு டிரைவரை ஏற்பாடு செய்து தந்தார்கள்.

ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். என்னை மேடம் என்றார். என் மகள் அவரை எடுத்த எடுப்பில் "அங்கிள்" என்று கூப்பிட, அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. வழியெல்லாம் சாலையோரத்தில் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருந்தார்கள். மண் செக்கச்செவேல் என்று இருந்தது. அந்த மாகாணத்தின் பெரிய கோயிலை நெருங்கும்போது அவர் வண்டியை மெதுவாக்கி, "மேடம், பாதை மட்டும். பாதையை விட்டு இறங்க வேண்டாம்" என்றார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். பாம்பு பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

பெரிய கோயில் படிக்கட்டுப் படிக்கட்டாக வானத்துக்குப் போகிறது. அங்கேயும் இருபது பேர் இருந்தார்கள். "இதைவிடச் சின்னதாக, யாருமே வராத கோயில் ஏதாவது?" என்று டிரைவரை நச்சரித்தேன். அவர் யோசித்தார். யாரிடமோ போனில் பேசினார். பிறகு, "ஒன்று இருக்கிறது. முன்பக்கம் மட்டும் பார்க்கலாம்" என்றார். முன்பக்கம் பார்த்தால் போதாதா என்ன, சாமி முன்பக்கம்தானே இருப்பார் என்று மகளிடம் ஜோக்கடித்தேன்.

மணல் தடத்தில் போய் வண்டியை நிறுத்திவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஐந்து நிமிடம் நடந்தோம். செங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். கூரை இல்லை, பின்சுவர் பாதி இடிந்திருந்தது. உள்ளே லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும் இருந்தது. அபிஷேகத் தண்ணீர் வழிகிற மூக்குகூட அப்படியே இருந்தது. எத்தனை நூறு வருஷமாகத் தண்ணீரைப் பார்க்காமல் கிடக்கிறதோ என்று தோன்ற, டிரைவரிடம், "வண்டியில் இருக்கிற தண்ணீர் பாட்டிலைக் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "இங்கேயே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அந்தக் குச்சிகளைப் பார்த்தேன். பாதையின் இரண்டு பக்கமும், கோயிலின் முன்மூலைகள் வரைக்கும், முழங்கால் உயரத்துக்கு வரிசையாக நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பட்டை, வெள்ளைப் பட்டை. வெயிலிலும் மழையிலும் வெளுத்து, அந்தச் சிவப்பு அச்சு அசலாக நம் ஊர்க் காவி நிறத்துக்கு வந்திருந்தது.

தமிழ்நாட்டில் பிறந்த எவளுக்கும் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாகப் பார்த்தால் என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. கோயில் மதில்.

"இங்க பாருடி! மதில் இடிஞ்சுபோச்சு போல, அதுக்குப் பதிலா குச்சி நட்டு காவி, வெள்ளை அடிச்சிருக்காங்க. நம்மூர்ல மாதிரியே!" என்றேன். போட்டோ எடுத்தேன். "இங்கேயும் நம் மதில்!" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பினேன். அப்புறம் சொன்னேன்.

"செருப்ப கழட்டு. ஒரு சுத்து சுத்திட்டு வா."

அவள் "ஒய்?" என்று கேட்கவில்லை. அந்த இடம் அவளுக்கும் பிடித்திருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு குச்சிகளுக்கு நடுவே புகுந்து, இடது பக்கமாகச் சுவரை ஒட்டிப் போனாள். நல்ல பெண்ணாக வலம் போகிறாளே என்று எனக்குப் பூரிப்பு. நான் ஆவுடையாரின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

டிரைவர் வந்தார். தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். என் பின்னால் பார்த்தார். தனியாகக் கிடந்த செருப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மகள்?" என்றார்.

கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன், சுற்றப் போயிருக்கிறாள் என்று. பாட்டில் அவர் கையிலிருந்து விழுந்தது.

"மைன்" என்றார்.

காலையிலிருந்து நான் எங்களுடையது, எங்களுடையது என்று அவரிடம் பீற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதற்கு இப்போது பதில் சொல்கிறார், "என்னுடையது" என்று சொல்கிறார் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். இப்படியும் ஒரு மூளை இருக்குமா! அவர் குச்சியைக் காட்டினார். சிவப்பைத் தொட்டு, காட்டுப் பக்கம் கையை நீட்டி, "மைன், மைன்" என்றார். வெள்ளையைத் தொட்டு எங்கள் காலடியைக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் மேலே வீசி, வாயால் ஒரு சின்னச் சத்தம் செய்தார்.

கண்ணிவெடி. எப்போதோ நடந்த சண்டையில் புதைத்தது. தோண்டி எடுத்த இடத்துக்கு வெள்ளை, இன்னும் எடுக்காத இடத்துக்குச் சிவப்பு. நான் மதில் என்று சொன்னது அதைத்தான்.

இடிந்த பின்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தலை தெரிந்தது. குந்தி உட்கார்ந்து எதையோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏய்! வா இங்க! ஓடி வா!"

"ஒன் செக், அம்மா" என்றாள்.

எந்த வேலை சொன்னாலும் அவள் சொல்கிற பதில் அது, ஒரு செகண்ட் பொறு என்று. சாப்பிடக் கூப்பிட்டால் ஒன் செக், ஸ்கூல் பஸ் வாசலில் நின்றால் ஒன் செக். அதற்காக அவளை எத்தனை முறை கரித்துக் கொட்டியிருக்கிறேன்! மறுபடி கத்த வாயைத் திறந்தேன். டிரைவர் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். முன்பின் தெரியாத ஆணின் கை, பெட்ரோல் வாசனையோடு, என் பல்லில் அழுந்தியது. நான் திமிறினேன். அவர் விடவில்லை. என்னைப் பிடித்தபடியே, குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில் அவளிடம் பேசினார்.

"பாப்பா. அங்கிள் சொல்கிறேன். எழுந்திருக்காதே. காலை நகர்த்தாதே. அங்கிள் வருகிறேன்."

அவள் தலை நிமிர்ந்தது. எங்களைப் பார்த்தாள். என் வாயில் அவர் கை இருப்பதையும் பார்த்தாள். எதுவும் கேட்காமல் அப்படியே இருந்தாள்.

அவர் என்னை விட்டார். தன் செருப்பைக் கழற்றினார். மண் பொடிப்பொடியாக இருந்ததால் அவளுடைய வெறுங்கால் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. அந்தத் தடத்தின் மேல், அதில் மட்டும், தன் காலை வைத்துப் போனார். அவர் பாதம் பெரிது. அதனால் முன்விரல்களை மட்டும் ஊன்றி நடந்தார். சருகு கிடந்த இடத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு இலையாக விரல் நுனியால் விலக்கி, தடத்தைத் தேடி எடுத்தார்.

எனக்கு எந்தச் சாமியும் நினைவுக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஸ்லோகம் சொன்னவள் நான், ஒரு வரி வரவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பல் கிளிப்பை இறுக்க அப்பாயின்ட்மென்ட் இருந்தது. அதைக் கேன்சல் செய்ய வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். இதை நினைத்த மூளையை என்ன செய்வது? கையிலிருந்த போன் டிங் என்றது. மதில் போட்டோவுக்குச் சென்னையிலிருந்து யாரோ கும்பிடுகிற கைகளை அனுப்பியிருந்தார்கள். அப்புறம் இன்னொரு டிங், இன்னொரு கும்பிடு.

அவர் அவளிடம் போய்ச் சேர்ந்தார். வந்த வழியிலேயே திரும்பினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் கால் எடுத்த இடத்தில் இவள் கால் வைத்து. மூலையில் சருகு மேட்டருகே அவளுக்குக் கால் தடுமாறியது. அவர் கையைப் பின்னால் நீட்டி அவளை அசையாமல் பிடித்தார். ஒருவழியாகக் குச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள்.

நான் செய்த முதல் காரியம், அவள் தோளில் ஓங்கி அறைந்தது. அப்புறம்தான் கட்டிக்கொண்டேன். என் காதுக்குப் பக்கத்தில், தமிழில் சொன்னாள்.

"நீதானம்மா சுத்த சொன்ன."

ஆமாம். நான்தான் சொன்னேன்.

வண்டிக்குத் திரும்பியதும் அவள் பின்சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரைக் கும்பிட்டேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்விதான்.

"என் வாயை ஏன் பொத்தினீர்கள்?"

அவர் ஆங்கிலத்தில் நேற்று கிடையாது, போன வருஷம் கிடையாது. எல்லாமே இப்போது நடப்பதுதான். கண்ணாடியில் என் மகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"என் மனைவி. வேறு கோயில், இதே மாகாணம். பின்னால் மூங்கில் குருத்து வெட்டுகிறாள். நான் பாதையில் நிற்கிறேன். மைன் போர்டைப் பார்க்கிறேன். எனக்குப் பயம் வருகிறது. கூப்பிடுகிறேன். மோக், மோக்."

அவர்கள் பாஷையில் வா, வா. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை மடக்கிக் காட்டினார், நாம் கூப்பிடுவது போலவே.

"நல்ல மனைவி, மேடம். சொன்ன பேச்சைக் கேட்பாள். நான் கூப்பிடுகிறேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஓடி வருகிறாள்."