பொம்மைப் படத்து அம்மா

வரைந்து ஓடவிட்ட எதைக் கண்டாலும் எங்கள் பக்கத்தில் பொம்மைப் படம் என்றுதான் சொல்வார்கள். பூனை எலியைத் துரத்தினாலும் பொம்மைப் படம். ஜப்பான்காரன் ஒரு நகரத்தையே கொளுத்தி, செத்தவர்களின் சாம்பலைப் பெட்டி பெட்டியாக விண்கலத்தில் ஏற்றினாலும் அதுவும் பொம்மைப் படம். பொம்மை என்றால் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு என்றால் பெரியவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஒரு சொல் செய்த வேலையால், எட்டு வயதான என் பேத்தி, பெற்ற தாயை முகத்துக்கு நேரே பார்த்து “இது எங்க அம்மா இல்ல” என்று சொன்னாள். அந்தத் தொடரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாலு பேர் தேடிப் பார்ப்பார்கள்.

என் மருமகளுக்கு மார்பில் கட்டி. சித்திரையில் கண்டுபிடித்து, மதுரையில் அறுவை செய்து, பிறகு மருந்து ஏற்றினார்கள். மகன் அங்கேயே அறை எடுத்து அவளோடு தங்கினான். பழனிசெட்டிபட்டி வீட்டில் நானும் பேத்தியும் இருந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள உத்தமபாளையத்திலிருந்து மருமகளின் அக்காள் வந்தாள். பேத்திக்குப் பெரியம்மா. நல்லவள், சட்னி நன்றாக அரைப்பாள். அந்த இரண்டைத் தவிர அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல இப்போது என்னிடம் எதுவும் இல்லை.

மருமகள் பள்ளிக்கூட டீச்சர். அதனால் பிள்ளையிடம் “அம்மா டிரெயினிங் போயிருக்காக” என்று சொல்லிவைத்தோம். போனில் பேசலாம், முகம் பார்க்கக் கூடாது. மருந்தினால் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. “டிரெயினிங்ல வீடியோ போட விடமாட்டாகடி” என்றாள் பெரியம்மா. சொன்ன கையோடு தன் போனையும் பிள்ளையிடம் கொடுத்தாள்.

“என்னத்த பாக்குறா அப்படி அசையாம?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பொம்மப் படந்தான மாமா. தமிழ்லயே பேசுது. பிள்ள சத்தமில்லாம இருக்கா, எனக்கும் அடுப்படி வேல ஓடுது.”

கோடை விடுமுறை முழுக்க அந்த வீட்டில் சத்தமே இல்லை.

ஆடியில் மருமகள் வீட்டுக்கு வந்தாள். இடையில் கொஞ்சம் ஓய்வு, அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஊசிக்குப் போக வேண்டும். கார் வாசலில் நின்றபோது காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பேத்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகள் இறங்கி நிமிர்ந்தாள். தலையில் கட்டியிருந்த துணியைக் காற்று உருவிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு முள்கம்பியில் மாட்டிவிட்டது. மொட்டைத் தலை, புருவம்கூட இல்லை. கம்மிப்போன மெல்லிய குரலில், “வா தங்கம், அம்மா வந்துட்டேன்” என்று கையை நீட்டினாள்.

பிள்ளை பின்னால் நகர்ந்தாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை. தெரிந்த ஒன்று நடந்துவிட்டதுபோல ஒரு பார்வை. “இது எங்க அம்மா இல்ல. முடி கடைசியிலதான் மொளைக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

என் மகன் கார் கதவைப் பிடித்தபடியே நின்றான். மருமகள் நீட்டிய கையை மடக்கக்கூட இல்லை. முடி கடைசியில் முளைக்கும் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

ஜன்னல் வழியாக நான்தான் கேட்டேன். “படத்துல வருது தாத்தா. கம்பெனில அம்மா செஞ்சு அனுப்புவாக. நெஜ அம்மா வராது. போன்ல பேசுனதும் அதுதான்” என்றாள். அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே பெரியம்மாவின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் பாதியில் அளந்து விடுகிற பழக்கம் இல்லை. படம் தொடங்கியதுமே மூலையில் 16 என்று ஓர் எண், பக்கத்தில் கூட்டல் குறி. கண்ணை மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது. அதை நிறுத்திப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

“அதப் பாத்தேன் மாமா. பதினாறு பாகம், அதுக்கு மேலயும் வரும்னு போட்டிருக்கான்னு நெனச்சேன்.”

“இருபத்தாறு பாகம் இருக்கு. அது வயசு! பதினாறு வயசுக்கு மேலதான் பாக்கணும்!”

“பொம்மப் படத்துக்கு எதுக்கு மாமா வயசு?”

அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் படத்தைப் பார்த்தேன்.

பூமியில் காற்று கெட்டுவிட்டது. பெரியவர்களை ஏதோ ஒரு நிலவுக்குச் சுரங்க வேலைக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒருவரும் திரும்புவதில்லை. பிள்ளைகள் மட்டும் கம்பெனிக்கு வேண்டும். இயந்திரங்களுக்குள் உட்கார்ந்து சண்டை போட சின்ன உடம்புதான் தோதாம். பிள்ளைகள் அழாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அவர்களின் அம்மாக்களைத் தொட்டியில் வளர்த்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முகம், உயரம், மச்சம் எல்லாம் அப்படியே இருக்கும். முடி மட்டும் கடைசியில் முளைக்கும். அவசரத்தில் அதற்குள்ளாகவே அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாக்கள் வாசலில் நின்று மெல்லிய குரலில் “வா கண்ணே, அம்மா வந்துவிட்டேன்” என்பார்கள்.

இந்த இடத்தில் போனை வீசி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. எண்ணிக்கொண்டே பார்த்தேன். முதல் ஒன்பது பாகத்தில் செத்த பிள்ளைகள் நாற்பத்தொன்று. ஒரு சிறுவன் தானே இயந்திரத்தின் கதவைத் திறந்துவிட்டு வெளியே போகிறான். ஏன் போகிறான் என்பதை அரைப் பாகம் நிதானமாகக் காட்டுகிறார்கள். தன் தாயின் நகலை ஒரு பெண் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். கொன்ற பிறகு அதன் மடியிலேயே படுத்துக்கொள்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தனியாக, ஒரு மூலையில், அப்பளம் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

எடுத்தவன் மடையனாக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் மடையன் இல்லை. வேண்டியவர்களை இழந்து நிற்கிற வளர்ந்த மனிதர்களுக்காக எடுத்திருக்கிறான். அவர்களிடம் எதையும் மறைக்காமல் பேசுகிறான். எனக்கே இரண்டு இடத்தில் படத்தை நிறுத்தி முகம் கழுவ வேண்டியிருந்தது. அதில் ஆத்திரம் இன்னும் கூடியது. விஷப் புட்டியில் விஷம் என்றுதான் அவன் எழுதி அனுப்பியிருக்கிறான். அதன்மேல் பொம்மைப் படம் என்று சீட்டு ஒட்டியது நாங்கள்.

பதினோராம் பாகத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி சொல்கிறாள்: “எல்லாம் சேர்த்தோம். கோபத்தை மட்டும் சேர்க்கவில்லை. கோபம் இருந்தால் தாய் கேள்வி கேட்பாள்.” நகல் அம்மாக்கள் திட்டமாட்டார்கள். பாலைக் கொட்டினாலும், கல்லால் அடித்தாலும், “பரவாயில்லை கண்ணே” என்பார்கள். பிள்ளைகள் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

நான் போனைக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

என் மருமகள் நோய்க்கு முன் பேத்தியை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் எங்கள் தெரு முழுக்க ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகிவிடும். அப்படிப்பட்ட தொண்டை. மதுரையிலிருந்து வந்ததும் பெரியம்மா ஒரு சட்டம் போட்டாள்: “டாக்டரு சொல்லிட்டாரு, அவ மனசு நோகக் கூடாது. இங்கன ஆரும் சத்தம் போடாதீக.” என் மகன் பூனைபோல நடந்தான். மிக்சியைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஓட்டினார்கள். மருமகளும் கரைந்து போய்விட்டாள். பால் டம்ளரை நீட்டுவாள், பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். “பரவாயில்ல தங்கம்” என்பாள் இவள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பாத்தியா தாத்தா என்று கேட்கிற பார்வை.

அக்காளிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. “திங்கக்கெழமை மறுபடி ஊசிக்குப் போயிருவேன்க்கா. அதுக்குள்ள ஒரு வாட்டி எம் பக்கத்துல வந்து படுத்தாப் போதும்.”

வெள்ளிக்கிழமை மாலை. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து அறை வாசலில் நின்றாள், சீருடைகூட மாற்றவில்லை. உள்ளே மருமகள் அவளுக்கென்று ஆற்றிய பால் டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை காதில் விழாதபடி நான் மருமகளிடம் விஷயத்தைச் சொன்னேன். “நீ ஒரு தடவ அவளத் திட்டு. பழையபடி திட்டு. அவ்வளவுதான் வைத்தியம்.”

“மாட்டேன் மாமா.”

“அந்தப் படத்துல…”

“படம் கெடக்கட்டும். எத்தன நாளைக்கு இருப்பேனோ. திட்டுன வாயாவா நான் அவ நெனப்புல நிக்கணும்?”

விட்டிருக்கலாம். எனக்கு விட வராது, மீதிப் பாகங்களையும் அதற்குள் பார்த்து முடித்திருந்தேன். “அதுல அந்தப் பொம்பள இருபத்தாறு பாகத்துல பதினேழு தடவ ‘பரவாயில்லை கண்ணே’ங்கிறா. நீ வந்து ஒரு வாரம் ஆகல, பதினேழத் தாண்டிட்ட. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றேன்.

டம்ளரைப் பக்கத்து மேஜையில் நங்கென்று வைத்தாள். பால் தெறித்து என் வேட்டியில் விழுந்தது.

“எண்ணுவீக! நீங்க எல்லாத்தையும் எண்ணுவீக! நான் முழுங்குற மாத்திரைய எண்ணுறீக. வாந்தி எடுத்தா வாசல்ல நின்னு எண்ணுறீக. நான் என்ன மனுசியா, நீங்க நட்டுவச்ச சர்வே கல்லா? எம் பிள்ளகிட்ட வீட்டோட சேந்து பொய் சொன்னீகள்ல, அது எத்தனைன்னு எண்ணுனீகளா?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “ஏய், சத்தம் போடாதடி, டாக்டரு…”

“நீ பேசாத! பொம்மப் படமாம், பொம்மப் படம்! பதினாறு பாகமாம்! பிள்ள கையில போனக் குடுத்துட்டு அங்கன போயி முருங்கக்கா நறுக்கிருக்கா!”

“அடி ஆத்தா, முருங்கக்கா என்னடி பண்ணுச்சு?”

“வாய மூடுக்கா!”

அந்தக் கம்மிய தொண்டை எங்கிருந்தோ பழைய தொண்டையைத் தேடி எடுத்திருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திரும்பினவள் வாசலில் நின்ற பிள்ளையைப் பார்த்துவிட்டாள். கோபம் இறங்கவில்லை.

“ஏய்! அங்கன நின்னு என்னடி வேடிக்க? பள்ளிக்கூடம் விட்டு வந்து காலக் கழுவுனியா நீ? எத்தன தடவ சொல்றது உனக்கு? பாரு, சாக்ஸோட உள்ள வந்திருக்கா. போடி!”

பேத்தி ஓடினாள். கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியம்மா என்னை முறைத்தாள். மருமகள் மூச்சு வாங்கினாள், தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் விளங்கி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஈரக் காலோடு பிள்ளை வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, “அப்ப முடி ஏன் இல்ல?” என்று கேட்டாள்.

“ஊசி மருந்துல கொட்டிருச்சு.”

“டிரெயினிங்ல எதுக்கு ஊசி போட்டாக?”

பெரியம்மா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். மருமகள் கையைக் காட்டி அடக்கினாள்.

“டிரெயினிங் போகல. ஆஸ்பத்திரியில இருந்தேன். மார்ல ஒரு கட்டி. வெட்டி எடுத்துட்டாக. திரும்ப வராம இருக்க இன்னும் மருந்து ஏத்தணும்.”

“செத்துப் போயிருவியா?”

இல்லை என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“தெரியலடி. போகாம இருக்கத்தான் இவ்வளவும் பண்றாக. நானும் அதுக்குத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

பிள்ளை பாய்ந்து வந்து தாயின் தொடையில் இரண்டு கையாலும் அடித்தாள். “அப்ப ஏன் சொல்லாமப் போன? ஏன் சொல்லாமப் போன? நீ செத்துப் போயிட்டன்னு நெனச்சேன்! பெரியம்மா பொய் சொல்லுது, தாத்தா பொய் சொல்லுது, அப்பா பொய் சொல்லுது!” அடிக்க அடிக்க அழுகை வந்தது. கோடை முழுக்க அந்த வீட்டில் வராத அழுகை.

இத்தனை மாதம் அவள் மனதில் தாய் செத்துக் கிடந்திருக்கிறாள். எங்களில் யாரும் சாவு என்ற சொல்லை அவள் முன்னால் உச்சரிக்கவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி அவளிடம் பேச ஜப்பானில் எவனோ வரைந்த ஒரு பெண்தான் இருந்தாள். அவனைத் திட்ட ஒன்றுமில்லை. எங்களைத் திட்ட இந்த ஒரு மாலை போதவில்லை.

மருமகள் தடுக்கவில்லை. அடி ஓய்ந்ததும் பிள்ளை மூக்கைச் சீருடையில் துடைத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் வெட்டுனாக?” என்றாள்.

“எடது.”

பேத்தி கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். ஈரக் காலோடு ஏறி, சுவருக்கும் தாய்க்கும் நடுவில் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டாள்.

“கால் ஈரம்டி, மெத்த நனையுது” என்றாள் மருமகள், சலிப்போடு.

பிள்ளை காலை இழுத்துக்கொள்ளவில்லை.