கிணற்றைத் திறந்த அக்கா

பீஸ் கட்டை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குமோ என்னவோ. வெள்ளைப் பீங்கானில், கைப்பிடி வைத்து, ஒரு கை நிறையப் பிடிக்கிற அளவில் இருக்கும். டிரான்ஸ்பார்மரில் அதைச் செருகினால் ஊருக்குக் கரண்டு. பிடுங்கினால் ஊரே இருட்டு. அப்படி மூன்று கட்டைகளை லைன்மேன் வீட்டு அக்கா முந்தானையில் வாங்கிக்கொண்டு நின்ற காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. புயல் ஓய்ந்து சில நாள் ஆகியிருந்தது. லைன்மேன் அண்ணாச்சி தோளில் கயிற்றுச் சுருளும் இடுப்பில் தோல்வாருமாக வாசலில் நின்று, "நானே வந்து கேட்டாத்தான் குடுக்கணும். கடவுளே வந்து கேட்டாலும் குடுத்துராத" என்றார். "அவரு எதுக்கு வாராரு, அவருக்கு வேற சோலி இல்லையா" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அறுபதுகளில் நான் அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். விளாத்திகுளம் போகிற வழியில், பஸ் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளிக் கிடந்த கரிசல் ஊர். அக்கா குடும்பமும் நானும் ஒரே ஓட்டு வீட்டின் இரண்டு பாதிகளில் வாடகைக்கு இருந்தோம். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் அவள் அந்தோணியார் படத்தின் முன்னால் நின்று பேசுவது எனக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். ஜெபம் என்று அதைச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் சண்டை. கடற்கரைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், உரத்த குரல், பெரிய கை கால். ஊர்ப் பெண்கள் அவளுக்கு முன்னால் சிரிப்பார்கள், பின்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். எனக்கு அவளைப் பிடித்தது. அந்த ஊரில் என்னிடம் மனதில் பட்டதைப் பட்டென்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வாயில் வைக்க முடியாத உப்பு. அந்த ஒரு கிணற்றில் யார் வாளி இறங்கலாம், யார் வாளி இறங்கக் கூடாது என்பதில் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நான் வருவதற்கு முன்பே மண்டைகள் உடைந்திருந்தன. கரண்டு வந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கிணற்றில் மோட்டார் வைத்தார், தெருவுக்கு ஒரு குழாய் போட்டார். தண்ணீர் இறைக்கிற துலாவைப் பிடுங்கிவிட்டு, கிணற்றின் வாய் முழுக்கக் கல்பலகை பாவி, இடுக்கெல்லாம் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார். இனி யார் தண்ணீரையும் யாரும் தொட வேண்டாம். வந்த அதிகாரிகள்கூட முன்மாதிரி ஊர் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். கீழத்தெருவுக்கும் குழாய் கிடைத்ததே என்று நானும் அப்போது சந்தோஷப்பட்டேன்.

புயல் வருகிறது என்று பஞ்சாயத்து ரேடியோ சொன்னதும் ஊர் சுறுசுறுப்பாகத்தான் வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரைகளுக்கு மேலே பனைநார்க் கயிற்றை வீசி, இரண்டு நுனியிலும் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கட்டித் தொங்கவிட்டார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். விதைப் பருத்தியையும் மிளகாய் வற்றல் மூட்டையையும் பரண்மேல் ஏற்றினார்கள். குடிசைக்காரர்களை என் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தோம். லைன்மேன் அண்ணாச்சி காற்று தொடங்கும் முன்பே பீஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டார், அறுந்த கம்பியை யாரும் மிதித்துச் சாகக் கூடாதென்று. எல்லாம் செய்த ஊரில் தண்ணீர் பிடித்து வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. காலையானால் குழாயில் வருகிற தண்ணீரை யார் முந்தின நாளே குடத்தில் சேர்த்து வைப்பார்கள்?

மத்தியானம் பிடித்த காற்று அடித்து நொறுக்கிவிட்டது. பருத்தி மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் தகரம் ஒன்று பறந்து வந்து, பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற பசுவின் கழுத்தில் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கத்தக்கூட அதற்கு நேரமில்லை. ஊருணிக் கரை உடைந்து ஒரு ஆட்டுக் கிடையே தண்ணீருக்குள் போயிற்று. மறுநாள் ஆடுகள் வயிறு ஊதி மிதந்தன. ஓட்டிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் தீர்ந்ததும், வேறு வழியில்லாதவர்கள் அந்த ஊருணித் தண்ணீரையே வடிகட்டிக் குடித்தார்கள். கீழத்தெருவில் முதலில் வாந்திபேதி கண்டது. ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தையும் போய்விட்டார்கள். பிறகு மேலத்தெருவிலும் கண்டது. தலைவரின் பேரனும் படுத்துவிட்டான், என் வகுப்புப் பிள்ளை. பஸ் இல்லை. சகதியில் வண்டிச் சக்கரம் அச்சுவரை இறங்கிற்று. ஆஸ்பத்திரி இருந்த கோவில்பட்டி எங்களுக்குச் சீமையாகிவிட்டது.

அந்த நிலையில்தான் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் மெயின் லைன் சரியாகிவிட்டதாகத் தகவல் வந்தது. டிரான்ஸ்பார்மரிலிருந்து இரண்டு லைன்கள் பிரிந்து போயின. ஒன்று எங்கள் ஊருக்கும் கிணற்றுக்கும், அது தப்பித்திருந்தது. இன்னொன்று ஓடைக்கு அப்பால் இருந்த சின்னப் பட்டிக்கு. அது கம்பம் சாய்ந்து வயலில் கிடந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பீஸ் கட்டைகள்தான். பட்டி லைனைத் தூக்கிக் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் அண்ணாச்சி அன்று காலை ஓடையைத் தாண்டினார். அவர் போன பிறகு, கடம்பூர்ப் பக்கம் பெய்த மழையெல்லாம் சேர்ந்து ஓடையில் வந்தது. செந்தண்ணீர் மரத்தோடு புரண்டு போயிற்று. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போக முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது.

மத்தியானம் கழிந்தது, அவர் வரவில்லை. தலைவர் வந்தார். பின்னால் மேலத்தெரு ஆண்கள் கம்பும் கையுமாக வந்தார்கள். பஞ்சாயத்து மோட்டார்க்காரனும் கூட இருந்தான்.

"கட்டையை எடுட்டீ. என் பேரன் கண்ணு சொருகிக் கிடக்கான்."

"அண்ணாச்சி, அவிய அங்கன கம்பத்து மேல நிக்காவ. கட்டையைப் போட்டா கருகிக் கீழ விழுவாவ."

"அவன் நிக்கது பட்டி லைன். எங்க கிணத்து லைன் வேற. எனக்குத் தெரியாதா?"

"ரெண்டும் ஒண்ணுதான். அவன்ட்ட கேளுங்க" என்று மோட்டார்க்காரனைக் காட்டினாள் அக்கா. அவன் வேறு எங்கோ பார்த்தான். "அப்படின்னா கிணத்தத் திறங்க அண்ணாச்சி. கல்லு ரெண்டைப் பேத்தா தண்ணி. பிள்ளை பிழைச்சிரும்."

அதற்கு வந்த பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன், "திறந்தா எவன் எவன் வாளியெல்லாம் இறங்கும்" என்றான். அவ்வளவுதான். ஒரு மனிதன் கருகினாலும் கருகட்டும், கல் பெயரக் கூடாது.

கதவை மறித்து நின்றவளைத் தலைவர் கம்பால் அடித்தார். தலைக்கு வந்த அடியை அவள் இடது கையில் வாங்கினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் குறுக்கே போனேன். ஒருவன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். காலையில் என்னை டீச்சர் என்று கும்பிட்டவன்தான் அவன். வீட்டைக் கலைத்துப் பானைகளை உடைத்து, அரிசிக்குள்ளிருந்து இரண்டு கட்டைகளை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது கம்மங்கூழுக்குள் கிடந்தது. கூழில் கைவிட அவர்களுக்குத் தோன்றவில்லை. "ரெண்டு போதும், மூணாவதுக்குக் கம்பியை முறுக்கிச் சொருகிரலாம்" என்றான் மோட்டார்க்காரன். எல்லாரும் டிரான்ஸ்பார்மரைப் பார்த்து ஓடினார்கள்.

அக்கா அவர்கள் பின்னால் ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. கம்பத்துக்குக் குழி தோண்டுகிற கடப்பாரையை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். "டீச்சர், மறுமுனையைப் பிடி" என்றாள். அவள் கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளால் டிரான்ஸ்பார்மரில் அத்தனை பேரைத் தடுக்க முடியாது. ஆனால் கிணற்றில் கைவைத்தால் அவர்கள் அத்தனை பேரும் அங்கே வந்தாக வேண்டும்.

கீழத்தெருக் குழாயடியில் காலிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். "ஏட்டி, கயிறும் வாளியும் கொண்டாங்க! கல்லைப் பேக்கேன், வாங்க!" என்று அவள் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். அவர்கள் தயங்கினார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? வந்தால் என்ன நடக்கும் என்று எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் வந்தவள் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். வந்தவள் என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி இடுக்கில் குத்தினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

"ஏலே, கிணத்தத் திறக்காளுவலே!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் அலறியது. டிரான்ஸ்பார்மரில் ஏறி முதல் கட்டையைச் செருகக் கை நீட்டிய மோட்டார்க்காரன் அதைக் கீழே போட்டுவிட்டுக் குதித்தான் என்று பின்னால் சொன்னார்கள். மொத்தக் கூட்டமும் எங்களை நோக்கித் திரும்பியது. அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒரு பலகை பெயர்ந்து உள்ளே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அடிதான். பெண்கள் என்றும் பார்க்கவில்லை, கர்ப்பிணி என்றும் பார்க்கவில்லை. குடங்கள் உடைந்தன. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மண்டை பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அவள் வாளியை விடவில்லை, அந்த ரத்தத்தோடேயே இறைத்தாள். அக்கா முறிந்த கையோடு கிணற்று வாயில் படுத்துவிட்டாள். "என்னை உள்ள தள்ளிட்டு மூடுங்கலே!" என்று கத்தினாள்.

அடி நின்றதற்குக் காரணம் யாருடைய நல்ல மனசும் இல்லை. தலைவரின் மருமகள், பேரனைப் பெற்றவள், தலைவிரி கோலமாக ஓடி வந்து, கம்புகளுக்குள் புகுந்து, ரத்தம் வழிய நின்றவளுக்கு முன்னால் செம்பை நீட்டினாள். "ஊத்து" என்றாள். அவள் ஊற்றினாள். மாமனார் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு கம்பை ஓங்க யாருக்கும் கை வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாத் தெருக் குடமும் அங்கே நிறைந்தது. பேரன் பிழைத்துக்கொண்டான்.

இப்போது நான் கோவில்பட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். புயல் என்று செய்தி வந்தால் மருமகள் தொட்டியை நிரப்புகிறாள், பேத்தி போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிறாள், கரண்டு போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே யாருக்கும் வருவதில்லை. குறை சொல்லவில்லை, எனக்கும் அது வசதிதான். அன்றைக்கு எங்களுக்கும் அந்த வசதிதான் திரும்பி வந்தது.

கிணற்றைத் திறந்த மறுநாள் ஓடை வற்றியதும், பட்டி லைனைக் கட்டி முடித்துவிட்டு அண்ணாச்சி வந்தார். முழு உடம்போடு, சகதியோடு, பசியோடு வந்து நின்றார். அக்கா அவரைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்து அழுதாள், நானும் அழுதேன். பிறகு அவர் டிரான்ஸ்பார்மரடிச் சகதியில் கிடந்த இரண்டு கட்டைகளோடு கூழுக்குள் கிடந்ததையும் சேர்த்துக் கழுவித் துடைத்துச் செருகினார். குழாய்கள் சீறிக்கொண்டு தண்ணீர் விட்டன, மேலத்தெருவுக்கு மேலத்தெருக் குழாய், கீழத்தெருவுக்குக் கீழத்தெருக் குழாய். அவர் திரும்பி வரும்போது அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கரண்டு குடுத்துட்டீயளா?"

"குடுத்துட்டேன்."

"அப்ப இனி மூடிருவாவ" என்றாள்.

மத்தியானத்துக்குள் கொத்தனார் வந்துவிட்டார். சிமெண்டு குழைக்க வேண்டிய தண்ணீரை அந்தக் கிணற்றிலிருந்தே இறைத்தார்கள்.