பிளாஸ்டிக் தின்னும் பூச்சி

எங்கள் நைனாவுக்கு பாக்டீரியா என்ற வார்த்தை வாயில் வராது. பூச்சி என்பார். புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் நான் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தேன். செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குப்பைமேட்டு மண்ணிலிருந்தே ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தேன். மாதக்கணக்கில் அதோடு ஊறிய கேரி பேக் துண்டு மேலாக லேசாகச் சொரசொரத்தது. அவ்வளவுதான். அதற்கே ஆய்வகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தோம். "நைனா, அது தின்ன ஆரம்பிச்சிடுச்சு" என்று போனில் சொன்னேன். அவர் டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம் எங்கள் தெருமுனையில் வேனை நிறுத்திச் சாப்பிடும். மீந்த புளிச்சோற்றை அன்றைக்கு மாட்டுக்குப் போட்டால் புண்ணியமாம். போடுங்கள், யார் வேண்டாமென்றது? கேரி பேக்கோடு, கட்டிய முடிச்சோடு வீசிவிட்டுப் போவார்கள். முடிச்சை அவிழ்த்தால் கையில் எண்ணெய் ஒட்டிவிடுமே. மேய்ந்துவிட்டு வரும் எங்கள் பசு அதை அப்படியே விழுங்கும்.

போன ஆடி அமாவாசைக்குப் பிறகு பசு அசை போடவில்லை. இடது பக்க வயிறு உப்பிவிட்டது. அம்மா மாட்டு டாக்டரை அழைத்து வந்தாள். உள்ளே பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது, உடனே வயிற்றை அறுத்து எடுத்தால் பிழைக்க வைக்கலாம் என்றார். நைனா சம்மதிக்கவில்லை.

"வயித்த இன்னாத்துக்கு கிழிக்கணும்? வெள்ளிக்கிழம எம்பொண்ணு வருது. அந்தப் பூச்சிய ஒரு பாட்டில்ல கொண்ணாந்து ஊத்துனா, எல்லாத்தையும் தின்னுட்டுப் போவுது."

அம்மா எனக்குப் போன் செய்யப் போனபோது, "படிக்கிற புள்ளைக்கு டென்ஷன் குடுக்காத" என்று தடுத்துவிட்டாராம். எனக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வந்தபோது பசு கால் நீட்டிப் படுத்திருந்தது. நைனா எழுந்து வந்து என் பையைப் பார்த்தார்.

"கொண்ணாந்தியாம்மா?"

"இன்னா நைனா?"

"பூச்சிதான்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அது மாட்டு வயித்துல வேல செய்யாது நைனா. வெளியிலயே ஒரு துண்டு கரைய வருஷக்கணக்கா ஆவும்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அன்னிக்கி தின்னுதுன்னியே" என்றார்.

டாக்டரை மறுபடி கூப்பிட்டோம். அவர் கத்தியை எடுப்பதற்குள் பசுவின் உயிர் அடங்கிவிட்டது. புதைப்பதற்கு முன் வயிற்றை அறுத்துக் காட்டினார். கைகொள்ளாத அளவு பிளாஸ்டிக். அதில் ஒரு பை முடிச்சு அவிழாமலே இருந்தது, உள்ளே சோறு கூழாகிக் கிடந்தது. நைனா உட்கார்ந்து அந்த முடிச்சைத் தன் கையால் அவிழ்த்தார். நான் வேன் நிற்கும் தெருமுனையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

கொட்டகை காலியாகவே இருக்கிறது. ஒரு கன்றாவது வாங்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்க்கிறாள். "பொண்ணோட பூச்சி ரெடியாவட்டும், அப்பறம் வாங்கிக்கலாம்" என்கிறார் நைனா. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எவ்வளவு தூரம் வந்திருக்குது என்று கேட்கிறார். வந்துகொண்டிருக்கிறது என்கிறேன். இன்னும் எத்தனை வருஷம் ஆகுமென்று எனக்கே தெரியாது. அவருக்கு இப்போது எழுபத்துமூன்று வயது.