நிமிர்ந்து உக்காந்தவளும் என் கழுத்தும்

அவ முதுகைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பல் மருத்துவக் கல்லூரியில கடைசி வருசம், எனக்கு அடுத்த நாற்காலி அவளுக்கு. காலையில ஒம்பது மணிக்கு எப்படி உக்காந்தாளோ, மத்தியானம் ஒரு மணிக்கும் அப்படியே நட்டு வச்ச கம்பு மாதிரி இருப்பா. நான் அதுக்குள்ள நோயாளி வாய்க்குள்ள பாதி போயிருப்பேன். ஹாஸ்டல்லயும் ஒரே அறைதான். நான் கழுத்துல தைலத்தைத் தேய்ச்சிட்டுக் கெடக்கையில, அவ குப்புறப் படுத்துக்கிட்டு கால ஆட்டி ஆட்டிப் படிப்பா.

நான் வள்ளியூர், அவ மணிமுத்தாறு. அங்கன உள்ள தண்ணி குடிச்சு வளந்தவளுக்கு எலும்பு ஒறுதியா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்னு எனக்கே தெரியும்.

முதல் ரெண்டு வருசம் பொம்மைத் தலையை வச்சுத்தான் எங்களுக்குப் பழக்கம். மேல்வரிசைப் பல்லைச் சின்னக் கண்ணாடியில பாத்துக்கிட்டே குடையணும். கண்ணாடியில எல்லாம் தலைகீழாத் தெரியும், கை ஒரு பக்கம் போகும், மனசு ஒரு பக்கம் போகும். நான் என்ன செய்வேன்னா, சார் அந்தப் பக்கம் திரும்பினதும் தாடையைத் திருகிக் கழட்டி, மாங்காய் மாதிரி கையில பிடிச்சு வேலையை முடிச்சிட்டுத் திரும்ப மாட்டிருவேன். மார்க்கும் நல்லா வரும். அவ கண்ணாடியோட மல்லுக்கட்டிப் பல்லைக் கெடுத்துக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பா.

"ஏட்டி, கழட்டிட்டுச் செய்யேன்"னு சிரிச்சேன்.

"மனுசங்க தாடையைக் கழட்ட முடியாதுல்லா"ன்னா.

'போடி, பெரிய இவ'ன்னு மனசுக்குள்ள நெனச்சேன்.

உசிருள்ள மனுசங்க வந்து உக்காந்தப்பதான் என் லட்சணம் தெரிஞ்சுது. கண்ணாடியில பாக்கத் தெரியாம நான்தான் குனிஞ்சேன், வளைஞ்சேன், கழுத்தைத் திருகுனேன். கடைசி வருசத்துல கழுத்துல புடிச்ச வலி தோள்பட்டை வழியா எறங்கி, பெருவிரல் மரத்துப்போகும். "சாயங்காலம் வா, பையப் பழகிக்கிடலாம்"னு அவளா நாலஞ்சு தடவை கூப்பிட்டா. எனக்கு ஒண்ணுமில்லன்னுட்டேன். அவகிட்டப் போய்ப் படிக்கதுக்குக் கழுத்து ஒடிஞ்சாலும் பரவால்லன்னு இருந்துச்சு.

பரீட்சைக்கு முன்ன முடிக்க வேண்டிய கேஸுகள்ல எனக்கு ஒரே ஒரு ரூட் கேனல்தான் பாக்கி. அதுல சார் கையெழுத்துப் போடலைன்னா பரீட்சை எழுத முடியாது. வந்தவரு கங்கைகொண்டான் பக்கம் ஒரு ஆலையில வேலை பாக்குற அண்ணாச்சி. மேல கடைவாய்ப் பல், வேரை அடைக்கிற கடைசி நாள். பாதியில கழுத்து பிடிச்சுக்கிட்டு. அங்கயும் போகல, இங்கயும் வரல. கருவியை அவரு வாய்க்குள்ள வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.

அண்ணாச்சி என் கையைப் பைய விலக்கிட்டு, "ஏம்மா, வலிக்கா?"ன்னு கேட்டாரு. நான் அவருகிட்டக் கேக்க வேண்டிய கேள்வி அது. கண்ணு கலங்கிட்டு.

அடுத்த நாற்காலியில இருந்து அவ எந்திரிச்சு வந்தா. கையுறையை மாத்திக்கிட்டு என்னைத் தள்ளி நிக்கச் சொன்னா. கண்ணாடியைப் பிடிச்சு, முதுகு இம்மியும் வளையாம முடிச்சா. அண்ணாச்சி வாயைக் கொப்பளிச்சிட்டு, "கை வச்சதே தெரியலையே தாயி"ன்னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது. சார் வரட்டும், நான்தான் முடிச்சேன்னு இவ சொல்லட்டும், என் பரீட்சை போகட்டும், அப்புறம் இவளை மனசாரத் திட்டலாம்னு நின்னேன், சத்தியமா.

சார் வந்து எக்ஸ்ரேயைத் தூக்கிப் பாத்தாரு. "நல்லா வந்திருக்கே. யாரு செஞ்சது?"

கையுறையைக் கழட்டிக்கிட்டே, "அவ கேஸ்தான் சார். நான் கண்ணாடி மட்டும் பிடிச்சேன்"ன்னா.

சார் கையெழுத்துப் போட்டாரு. நானும் பரீட்சை எழுதிப் பாஸாயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட ஒரு தேங்க்ஸ் சொல்லல, வாய் வரமாட்டேங்கு. அவளை நிம்மதியா வெறுக்க எனக்கு இருந்த ஒரே வழியையும் அன்னைக்கு அடைச்சிட்டா, பாவி.