கடல்பசுவுக்குக் கீழே காலி இடம்

கடல்பசு ஆராய்ச்சி பண்ற நம்ம சாத்தூர் மேடத்துக்கு இன்னைக்கு வெப்சைட் டிசைனைக் காட்டினேன்.

முதல் பக்கத்துல பெரிய கடல்பசு படம். அதுக்குக் கீழ வெறும் வெள்ளை.

"இங்கன எதுக்கு இடம் விட்டிருக்கீக?"

அப்பத்தான் எனக்கே உறைச்சது. சிவகாசியில காலண்டர் டிசைன் பண்ணிப் பழகின கை. படத்துக்குக் கீழ கடைப் பேரு அடிக்கன்னு அதுவா இடம் விட்டிருக்கு.

"உங்க பேரைப் பெருசாப் போடத்தான் மேடம்"னு சமாளிச்சேன்.

"வேண்டாம். வலை போனாலும் போகட்டும்னு அறுத்து, சிக்கின கடல்பசுவை விட்டாங்கல்ல, அந்த மீனவங்க பேரைப் போடுங்க. எம்பேரு, காலண்டர்ல பிரஸ் பேரு மாதிரி மூலையில பொடிசா இருந்தாப் போதும்."

சாயங்காலத்துல இருந்து மேடம் போன்ல ஒவ்வொரு மீனவர் பேரா சொல்லிக்கிட்டே இருக்காங்க. இடம் பத்தல. கடல்பசுவை மறுபடியும் சின்னதாக்கிட்டேன்.

அது சுருங்கச் சுருங்கச் சந்தோஷமா இருக்கு. எனக்கு மட்டும்தானா?